கப்பலுக்கு முன்னால் கரை சேரும் பட்டியல்

சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலிருந்து ஒரு பெட்டிகூட இன்னும் இறங்கியிருக்காது. ஆனால் ஒவ்வொரு கன்டெய்னரின் எண், சீல் எண், மூட்டைக் கணக்கு, எடை, யாருக்கு வருகிறது என்ற விவரம் எல்லாம் கஸ்டம்ஸ் கணினியில் அதற்குள் ஏறியிருக்கும். கப்பல் கம்பெனி முன்கூட்டியே கொடுக்கும் இந்தப் பட்டியலுக்குத்தான் மேனிஃபெஸ்ட் என்று பெயர். இறக்குமதிக்கு ஐ.ஜி.எம்., ஏற்றுமதிக்கு இ.ஜி.எம். என்று துறைமுக வட்டாரத்தில் சொல்வார்கள். சட்டம் இப்போது இவற்றை வருகைப் பட்டியல், புறப்பாட்டுப் பட்டியல் என்று அழைத்தாலும், பேச்சில் பழைய பெயர்கள்தான் நிலைத்திருக்கின்றன.

1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 30-ஆவது பிரிவில் இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்குகிறது. அடுத்த பிரிவு இன்னும் கண்டிப்பானது. பட்டியல் கொடுத்து, உள்நுழைவு அனுமதி வாங்கிய பிறகுதான் கப்பலிலிருந்து சரக்கை இறக்கலாம். கடைசித் துறைமுகத்தை விட்டுக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே பட்டியல் வந்துவிட வேண்டும் என்பது 2018-இல் வந்த கடல் சரக்குப் பட்டியல் விதிமுறைகளின் நோக்கம். அவை பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தன. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இந்தப் பட்டியலைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அதைத் தயாரிப்பவர் சரக்கைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. ஏற்றுமதியாளர் பெட்டியை நிரப்பிப் பூட்டுகிறார். உள்ளே இருப்பதாக அவர் சொல்வதை சரக்கை அனுப்பிவைக்கும் இடைத்தரகரான ஃபார்வர்டர் எழுதிக்கொள்கிறார், ஃபார்வர்டர் எழுதியதைக் கப்பல் கம்பெனி பில் ஆஃப் லேடிங் (பி.எல்.) என்னும் சரக்கு ரசீதில் அச்சடிக்கிறது, அந்த பி.எல்.-களைத் தொகுத்து ஏஜென்ட் மேனிஃபெஸ்ட்டாகக் கொடுக்கிறார். பி.எல்.-இல் ‘உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது’ என்றும், ‘ஏற்றியதும் எண்ணியதும் அனுப்பியவரே’ என்றும் பொருள்படும் ஆங்கில வாசகங்கள் இருப்பது வெறும் சம்பிரதாயத்துக்காக அல்ல. பூட்டிய பெட்டிக்குள் இருப்பதற்குக் கப்பல்காரர் பொறுப்பேற்க மறுக்கும் வரிகள் அவை. ஆக, நான்கு கை மாறி வந்த வாய்மொழியை நம்பித்தான் ஒரு துறைமுகமே இயங்குகிறது. அதனால்தான் பட்டியலின் ஒவ்வொரு கட்டத்துக்கும், அதைச் சரிபார்க்க வேறொரு இடத்தில் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒரு எண்ணுக்குள் இருக்கும் காவல்

கன்டெய்னர் எண்ணையே எடுத்துக்கொள்வோம். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிப்பவை. நான்காவது பெரும்பாலும் ‘யூ’, அதாவது சரக்குக் கன்டெய்னர். ஆறு இலக்கம் வரிசை எண். கடைசி இலக்கம் யாரும் தேர்ந்தெடுத்ததல்ல, முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது.

சர்வதேசத் தர ஆவணங்களில் உதாரணமாகக் காட்டப்படும் எண் சி.எஸ்.கியூ.யூ. 305438, சரிபார்ப்பு இலக்கம் 3. எழுத்துகளுக்கு ‘ஏ’ 10 என்று தொடங்கி மதிப்பு கொடுக்கிறார்கள். 11-இன் மடங்குகளைத் தாண்டிவிடுவார்கள் என்பதால் ‘பி’ 11 ஆகாமல் 12 ஆகிறது. அப்படிப் பார்த்தால் இந்த எண்ணின் எழுத்துகள் 13, 30, 28, 32. பிறகு ஒவ்வோர் இடத்தையும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 13, 60, 112, 256, 48, 0, 320, 512, 768, 4096. மொத்தம் 6185. 11-ஆல் வகுத்தால் மீதி 3. பெட்டியின் கதவில் எழுதியிருப்பதும் அதே 3.

தட்டச்சு செய்பவர் 305438 என்பதை 304538 என்று அடித்துவிட்டால் கூட்டுத்தொகை 6249 ஆகிவிடும். மீதி 1. கணினி அங்கேயே நிறுத்திவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறுவதுதான் அவசரத்தில் அடிப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அதைப் பிடிக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் எண் முழுக்கச் சரியாக இருந்து, பெட்டியே வேறாக இருந்தால் இந்தக் கணக்கால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே சீல் எண்தான் துணை. பட்டியலில் ஒரு சீல் எண், கதவில் வேறொன்று என்றால் பெட்டியைத் திறந்து முழுச் சோதனை செய்வார்கள்.

எடை எந்த எடை?

எடைக் கட்டத்தில்தான் குழப்பம் அதிகம். பி.எல்.-இல் போடும் மொத்த எடை என்பது சரக்கும் அதன் பொதியும் சேர்ந்தது. கன்டெய்னரின் சொந்த எடை அதில் வராது. 2016 ஜூலை 1 முதல் கப்பலில் ஏற்றுவதற்குக் கட்டாயமான சரிபார்க்கப்பட்ட எடை, வி.ஜி.எம்., கன்டெய்னரையும் சேர்த்தது. இரண்டும் வேறு வேறு.

தூத்துக்குடியிலிருந்து 20 அடிப் பெட்டியில் 25 கிலோ அரிசி மூட்டை ஆயிரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிகர எடை 25,000 கிலோ. சாக்கு ஒன்றுக்கு 100 கிராம் என்றால் மொத்த எடை 25,100. பெட்டியின் எடை சுமார் 2,200, உள்ளே விரிக்கும் தாளும் முட்டுக்கட்டையும் ஒரு 50 கிலோ. வி.ஜி.எம். 27,350. இந்த 27,350-ஐ மொத்த எடைக் கட்டத்தில் போட்டுவிட்டால், ஏற்றுமதியாளர் கஸ்டம்ஸில் போடும் ஷிப்பிங் பில்லில் 25,100 இருக்கும்; இரண்டும் ஒத்துப்போகாது. தலைகீழாக, வி.ஜி.எம். கட்டத்தில் 25,100 போனால் ஆபத்து இன்னும் பெரிது. எது மேலே எது கீழே என்று கப்பலின் அடுக்குத் திட்டம் போடுபவர் அந்த எண்ணை நம்பித்தான் முடிவு செய்கிறார்.

அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை 2007 ஜனவரியில் இங்கிலீஷ் கால்வாயில் உடல் பிளந்து, டெவன் கரையில் தரைதட்டவைக்கப்பட்ட எம்.எஸ்.சி. நேப்போலி கப்பல் காட்டியது. மேல்தளத்தில் நனையாமல் இருந்த 660 பெட்டிகளை எடை போட்டுப் பார்த்தார்கள். 137 பெட்டிகளில் எடை, சொன்னதிலிருந்து 3 டன்னுக்கு மேல் விலகியிருந்தது. ஒரு பெட்டியில் மட்டும் வித்தியாசம் 20 டன். கப்பல் பிளந்ததற்கு முதன்மைக் காரணம் அதன் கட்டமைப்பு. ஆனாலும் எடை போடாமல் எழுதும் பழக்கத்துக்கு முடிவுகட்ட வேண்டும் என்ற வாதம் இந்த விபத்தின் விசாரணை அறிக்கைக்குப் பிறகு வலுத்தது.

லைன், சப்லைன், தவறிய ஃபீடர்

ஐ.ஜி.எம்.-இல் ஒவ்வொரு பி.எல்.-க்கும் ஒரு லைன் எண் உண்டு. பலருடைய சில்லறைச் சரக்கு ஒரே பெட்டியில் வந்தால், அவற்றைச் சேர்த்து அனுப்பும் கன்சாலிடேட்டர் பெயரில் ஒரு மாஸ்டர் பி.எல்., அதன் கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு ஹவுஸ் பி.எல். லைன் 45 என்றால், உங்கள் சரக்கு சப்லைன் 7-இல் இருக்கலாம். லைனைக் கொடுப்பவர் கப்பல் கம்பெனி ஏஜென்ட், சப்லைனைக் கொடுக்க வேண்டியவர் கன்சாலிடேட்டர். இவர் தாமதித்தால் கப்பல் வந்திருக்கும், பெட்டி சி.எஃப்.எஸ். என்னும் கன்டெய்னர் கிடங்கில் நிற்கும், உங்கள் சரக்கு மட்டும் கஸ்டம்ஸ் கணக்கில் ‘இல்லை’. இறக்குமதியாளர் கஸ்டம்ஸில் போடும் பில் ஆஃப் என்ட்ரியை ஐ.ஜி.எம். எண், தேதி, லைன், சப்லைன், பி.எல். எண், பொதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு இணைத்தால்தான் வேலை நகரும். 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும் என்பது பொது விதி. தாமதித்தால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன் பிறகு தினம் 10,000. எனவே சரக்குக் கிளம்பிய உடனே ஹவுஸ் பி.எல். நகலைக் கேட்டு வாங்கி, பெயர், பொதிகளின் எண்ணிக்கை, எடை மூன்றையும் இன்வாய்ஸோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கப்பல் வருவதற்கு முன் ஒரு மின்னஞ்சலில் முடியும் திருத்தம், வந்த பிறகு மனு, கட்டணம், கிடங்கு வாடகை என்று வளர்ந்துவிடும்.

திருத்தங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. முகவரியில் ஒரு எழுத்துப் பிழை எளிதில் முடியும். பெறுபவரின் பெயரை மாற்றுவது, பொதிகளைக் கூட்டுவது, புதிய லைன் சேர்ப்பது ஆகியவை அப்படியல்ல. முதலில் பெயர் இருந்தவரின் ஆட்சேபணையில்லாக் கடிதம், அனுப்பியவரின் விளக்கம், திருத்திய பி.எல். எல்லாம் கேட்பார்கள். மோசடி எண்ணம் இல்லை என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால்தான் சட்டம் திருத்தத்தை அனுமதிக்கிறது. இந்தக் கண்டிப்பு தேவையானதுதான். பட்டியலை நினைத்தபோது மாற்றலாம் என்றால், பிடிபட்ட பிறகு மாற்றுவதற்கும் கதவு திறந்துவிடும்.

தமிழகத் துறைமுகங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நெடுந்தூரச் சரக்கில் கணிசமான பங்கு கொழும்பில் பெரிய கப்பலிலிருந்து இறங்கி, ஃபீடர் எனப்படும் சிறிய கப்பலில் ஏறி வருகிறது. கொழும்பில் நெரிசல் என்றால் பெட்டி அந்த ஃபீடரைத் தவறவிட்டு அடுத்ததில் வரும். பட்டியலில் இருக்கும், கப்பலில் இருக்காது. அந்த லைனை முதல் கப்பலின் ஐ.ஜி.எம்.-இலிருந்து நீக்கி அடுத்த கப்பலில் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே பில் ஆஃப் என்ட்ரி போட்டிருந்தால் அதையும் திருத்த வேண்டும். நீக்காமல் விட்டால் ‘வந்த சரக்கு எங்கே?’ என்ற கேள்வி கப்பல் ஏஜென்ட்டிடம் வரும். கணக்குக் காட்டாத சரக்குக்கு, அதற்குரிய வரியைப் போல இரண்டு மடங்கு வரை 116-ஆவது பிரிவு அபராதம் விதிக்கிறது. பட்டியலில் இல்லாத சரக்கு கப்பலில் இருந்தால் 111-ஆவது பிரிவின்படி பறிமுதல் செய்யலாம்.

ஏற்றுமதிப் பக்கம் இ.ஜி.எம்.-ஐ யாரும் பெரிதாக மதித்ததில்லை, 2017 வரை. ஜி.எஸ்.டி. வந்ததும் நிலைமை மாறியது. ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) கட்டி ஏற்றுமதி செய்தவருக்கு ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் விண்ணப்பம். ஆனால் கப்பல் கம்பெனி இ.ஜி.எம். கொடுத்தால்தான் அது விண்ணப்பமாகவே கணக்கில் வரும். உள்நாட்டுக் கன்டெய்னர் டெப்போவில் கஸ்டம்ஸ் முடித்துத் துறைமுகத்துக்குப் போகும் பெட்டிக்கு டெப்போவில் ஒரு பதிவு, துறைமுகத்தில் ஒரு பதிவு. இரண்டிலும் கன்டெய்னர் எண்ணும் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளரின் சரக்கு வெளிநாட்டுக் கடையில் விற்றுத் தீர்ந்த பிறகும், துறைமுகப் பதிவில் ஓர் எண் பொருந்தாததால் ரீஃபண்ட் மாதக்கணக்கில் நின்றது உண்டு. கப்பல் கிளம்பியதும் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஷிப்பிங் பில் எண்ணைப் போட்டு இ.ஜி.எம். நிலையைப் பார்த்துவிடுங்கள். பிழை தெரிந்தால் கப்பல் கம்பெனியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், கஸ்டம்ஸை அல்ல. திருத்தம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஆபத்து என்று எழுதாத ஆபத்து

அபாயகரமான சரக்குக்குத் தனிப் பட்டியல் உண்டு. பொருளுக்குரிய ஐ.நா. எண், அபாய வகுப்பு, அளவு, கப்பலில் எந்த இடம் என்று எழுதி, தீயணைப்பவர் கைக்கு உடனே கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும். நைட்ரிக் அமிலம் 2031, வகுப்பு 8. கால்சியம் கார்பைடு 1402, வகுப்பு 4.3, தண்ணீர் பட்டால் எரியும் அசிட்டிலீன் வாயு கிளம்பும். இந்த ஒரு வரி பட்டியலில் இல்லையென்றால், தீயை அணைக்க வருபவர் முதலில் பீய்ச்சுவது தண்ணீரைத்தான்.

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 பெட்டிகள் இருந்தன. 81-இல் அபாயகரமான சரக்கு, அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலம். அமிலப் பெட்டி ஒன்று கசிவது முன்பே தெரிந்து, கத்தாரின் ஹமாத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் அதை இறக்கக் கேட்டும் நடக்கவில்லை. அமிலம் பட்டியலில் ஒழுங்காக இருந்தது. ஆனால் இலங்கையின் மேற்குக் கடற்கரையை வெள்ளையாக மூடியது அமிலம் அல்ல, சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள். அவை எந்த அபாய வகுப்பிலும் வரவில்லை, சாதாரண மூலப்பொருளாகவே ஏறியிருந்தன. சரக்குப் பட்டியலை அபாயப் பட்டியலாக மட்டும் படித்தால் என்ன தவறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

2024-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, குருணைச் சரக்கைத் தெளிவாக அடையாளம் காட்டி, முடிந்தவரை கீழ்த்தளத்தில் வைக்கும்படி பரிந்துரைத்தது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அதில் சுமார் 640 பெட்டிகள். அபாயகரமானவை 13, அவற்றில் 12 கால்சியம் கார்பைடு. அதிகாரிகளின் முதல் அறிவிப்பு பெரும்பாலும் இந்த 13-ஐப் பற்றியது. கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் மீனவர்கள் வாரி அள்ளியது மறுபடியும் குருணைகளை.

வேண்டுமென்றே மாற்றி எழுதுவது இன்னொரு வகை. 2015-இல் சென்னையில் கஸ்டம்ஸ் பிடித்த அம்மோனியம் நைட்ரேட், உரத் தரம் என்று சொல்லப்பட்டு வந்தது. சுமார் 700 டன், 37 கன்டெய்னர்களில், மணலி கிடங்கில் ஐந்து ஆண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் அவசரமாக ஹைதராபாத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மனிதர்களின் பட்டியல்

சரக்குப் பட்டியலில் தவறு பெரும்பாலும் எழுதியிருப்பதில் இருக்கும். பயணிகள் பட்டியலில் அது எழுதாமல் விட்டதில் இருக்கும். 1987 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் கடலில் எண்ணெய்க் கப்பலோடு மோதி எரிந்த டோன்யா பாஸ் படகில், பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 1,500 பேர். இறந்தவர்கள் 4,000-க்கும் மேல். படகில் ஏறிய பிறகு டிக்கெட் வாங்கியவர்களும், டிக்கெட் தேவைப்படாத சிறு குழந்தைகளும் கணக்கிலேயே இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் பெல்ஜியத்தின் ஸீப்ரூக அருகே கவிழ்ந்து 193 பேரைப் பலிகொண்ட பிரிட்டிஷ் படகிலும் ஏறியவர்களின் முழுப் பெயர்ப் பட்டியல் கிடையாது. இன்று பயணிகள் கப்பல் கிளம்பும் முன் தலைகளை எண்ண வேண்டும். பொதுவாகப் பெயர், பாலினம், பெரியவரா குழந்தையா என்பதைப் பதிந்து கரையில் ஒரு பிரதி வைக்க வேண்டும். பட்டியல் கப்பலோடு மூழ்கினால் யாருக்கும் பயனில்லை அல்லவா?

விமானத்தில் இந்த ஒழுங்கு முன்பே உண்டு. பயணிகளின் பெயர்களும் ஏறும் இடமும் இறங்கும் இடமும் விமானத்தில் இருக்க வேண்டும் என்று 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையே சொல்கிறது. 1985-இல் ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் 329 பேரைக் கொன்ற குண்டு, விமானத்தில் ஏறாத ஒருவரின் பெட்டியில் வந்தது. பயணி வரவில்லையென்றால் அவர் பெட்டியையும் தேடி இறக்குவது இதனால்தான். கிளம்பும் நேரத்தில் ‘ஒரு பெட்டியை இறக்குகிறோம்’ என்று அறிவித்தால் பொறுமையாக இருங்கள், இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு ஒரு வித்தியாசத்தைக் களைகிறார்கள்.

ரயிலில் முன்பதிவுப் பெட்டிக்கு மட்டுமே பட்டியல். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அருகே அலை கொண்டுபோன பாம்பன் பாசஞ்சரில் இருந்தவர்கள் 115 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் எவ்வளவு என்பது இன்றுவரை ஊகம்தான். 2023 ஜூனில் ஒடிசாவின் பாஹாநகாவில் கோரமண்டல் விபத்துக்குள்ளானபோது, சென்னைக்கு வந்துகொண்டிருந்தவர்களை முன்பதிவுப் பட்டியலை வைத்துத் தொலைபேசியில் தேட முடிந்தது. பொதுப்பெட்டியில் வந்தவர்களுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. அடையாளம் தெரியாத 28 உடல்கள் நான்கு மாதம் கழித்து எரியூட்டப்பட்டன.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான பயணிகள் பட்டியல் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல், நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கிருந்த நேட்டால் காலனிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பாலினம், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். வேலைக்கு ஆள் பிரித்துக்கொடுப்பதற்காக எழுதியது, சரக்குப் பட்டியலின் அதே வடிவத்தில், மனிதருக்கு ஓர் எண் போட்டு. ஆனால் பல குடும்பங்களுக்கு ஊருடன் எஞ்சியிருக்கும் ஒரே தொடர்பும் அந்த வரிதான்.

அதில் தேடுபவர்கள் பெயரிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் வழி தவறிவிடுவார்கள். முனுசாமி அங்கே மூன்சாமி, படையாட்சி பதயாச்சி, கவுண்டர் கோவெண்டர். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவை, கப்பலுக்குக் கப்பல் எழுத்து மாறும். வீட்டில் பழைய திருமணச் சான்றோ பிறப்புப் பதிவோ இருந்தால் அதில் காலனி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் கிடைத்துவிட்டால் கப்பலும் வந்த தேதியும் கிடைத்துவிடும். அடுத்து ஜில்லா. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு என்பவை இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்திருப்பதால், பழைய தாலுகா எல்லையை வைத்துத்தான் தேட வேண்டும். கிராமப் பெயரைக் கடைசியில் தொடுங்கள். ஆங்கில எழுத்தை அப்படியே படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்தத் தாலுகாவில் அப்படி ஒலிக்கும் ஊர்களை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ‘புதூர்’ என்று மட்டும் இருந்தால் ஒரே தாலுகாவில் நான்கைந்து இருக்கும். அப்போது அதே கப்பலில் முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பாருங்கள். ஒரே ஊரிலிருந்து கிளம்பியவர்கள் பலமுறை அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் வரியிலாவது பக்கத்து ஊரின் பெயர் தெளிவாக விழுந்திருக்கும்.